சாஞ்சோவின் பணப்பை

ஸ்பானிஷில் சுதந்திரத்துக்கு ‘லிபெர்தாத்’ என்று பெயர். லத்தீன் ‘லிபெர்’ அதன் வேர்: அடிமையல்லாதவன். அதே வேரில்தான் ‘லிபெரி’யும் வருகிறது: வீட்டு அடிமைகளிலிருந்து பிரித்துச் சொல்லப்பட்ட, சுதந்திரமாகப் பிறந்த பிள்ளைகள். சொல் பிறக்கும்போதே பக்கத்தில் ஓர் அடிமை நிற்கிறான்.

அதே மொழியில் இன்னொரு சொல்லும் உண்டு. அரபியின் ‘ஹுர்’ ஸ்பெயினில் ‘ஓர்ரோ’ ஆச்சு, பொருள், விடுவிக்கப்பட்டவன். அதிலிருந்து ‘அஓர்ரார்’: அடிமையை விடுவிப்பது. அப்புறம் வேலையிலிருந்தும் செலவிலிருந்தும் விடுவிப்பது. இன்னிக்குப் பணம் சேமிப்பதற்கு ஸ்பானிஷில் அதுதான் சொல்.

விடுதலைக்கும் காசுக்கும் உள்ள இந்த உறவை செர்வாந்தெஸ் உடம்பால் அறிந்தவர். 1575இல் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸில் ஐந்து வருடம் கைதி. நான்கு முறை தப்பப் பார்த்தார், முடியவில்லை. கையிலிருந்த சிபாரிசுக் கடிதங்களைப் பார்த்துப் பெரிய ஆள் என்று நினைத்து விலையை ஏற்றிவிட்டார்கள். 1580இல் திரித்துவ சபைத் துறவிகள் 500 எஸ்குதோ கொடுத்து மீட்டார்கள்.

‘தோன் கிஹோத்தே’ இரண்டாம் பாகத்தின் (1615) 58ஆம் அத்தியாயத்தில் சுதந்திரம் பற்றிய புகழ்பெற்ற பேச்சு வருகிறது. அதன் தொடக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து மேற்கோள் காட்டுவது வழக்கம். எனக்கு முக்கியம் மிச்சப் பகுதிதான். கிஹோத்தே அப்போது எந்தச் சிறையிலிருந்தும் வெளியே வரவில்லை; பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாக இருந்துவிட்டு வருகிறார். அத்தனை விருந்துக்கு நடுவிலும் தனக்குப் பசித்தது போலவே இருந்தது என்கிறார். பெற்ற உபகாரத்துக்குக் கைம்மாறு செய்தாக வேண்டும் என்பதே அவருக்கு விலங்கு.

உடனே சாஞ்சோ குறுக்கிடுகிறான்: பிரபுவின் காரியஸ்தர் பையில் போட்டுக் கொடுத்த 200 பொன் எஸ்குதோவுக்காவது நாம் நன்றியோடு இருக்க வேண்டாமா? இதை வெறும் நகைச்சுவை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. வழிச்செலவுக்குக் காசு வேண்டும். அது அவனுக்குத்தான் தெரியும். எஜமானர் கடன்படாத வாழ்வைப் புகழ்ந்து முடிக்கும்போது, கடன் வேலைக்காரனின் மடியில் இருக்கிறது.

தமிழில் இந்த லிபெர்தாத்தை எப்படிச் சொல்வது? ‘விடுதலை’ என்றால் விடுவித்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நன்றி பாக்கி. அல்ஜியர்ஸுக்கு அது பொருந்தும். கிஹோத்தே ஏங்குவது அப்படி யாருக்கும் பாக்கி இல்லாத நிலைக்கு. அங்கே நான் ‘சுதந்திரம்’ என்றுதான் போடுவேன். ஆனால் சாஞ்சோவின் பதிலை விட்டுவிட்டு அந்தப் பேச்சை மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன்.