சோத்தாங்கை சாப்பிடும்போது

சீசன் நேரத்துல பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடப் போனா ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். குற்றாலத்துல குளிச்சிட்டு ஈரத்தலையோட வந்து உட்கார்ந்திருப்பாங்க. வலது கை முழுக்க சால்னா. அப்போ போன் அடிக்கும். இடது கையால எடுத்து, இடது கட்டைவிரலால தடவித் தடவித் திண்டாடுவாங்க. அந்த அரைமணி நேரம் கடையில இருக்குற அத்தனை பேரும் என் ஆளுங்க.

நான் பிறவியிலேயே இடதுகைக்காரன். எங்க பக்கம் வலதுக்குச் சோத்தாங்கைன்னு பேரு, இடதுக்குப் பீச்சாங்கை. சாப்பிடுறதை ஆச்சி வலதுக்கு மாத்திட்டா. எழுதுறதை மாத்த வாத்தியார் ஸ்கேலால அடிச்சும் முடியல. செல்போன் வந்தப்போ, இதுலயாவது யாரும் கையைப் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன்.

ஆனா போனும் கையைப் பார்க்குது. 2014இல் கூகுள் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் என்ற வடிவமைப்பு முறையில், முக்கியமான வேலைக்கு ஒரு மிதக்கும் வட்டப் பட்டன் உண்டு. அதன் வழக்கமான இடம் திரையின் வலது கீழ்ப்பக்கம். மெசேஜ் அனுப்புற பட்டனும் பெரும்பாலும் அங்கேதான். இடது கையில் பிடிச்சிருந்தா, கட்டைவிரல் திரையைக் குறுக்கே கடந்து போகணும். அப்படி எட்டும்போது பிடி தளரும். போன ஆடியில ஐந்தருவி ரோட்டுல, சாரலுக்கு வலது கையில குடை பிடிச்சுக்கிட்டு அந்த மூலைக்கு எட்டப் போய்த்தான் என் போன் தரையில விழுந்தது.

‘பத்துல ஒருத்தருக்காக எதுக்கு மாத்தணும்?’ என்று கேட்பாங்க. இடதுகைக்காரர்கள் சுமார் 10 சதவீதம் என்பது சரிதான். ஆனா ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் பொது இடங்களில் போன் பயன்படுத்திய 1,333 பேரைக் கவனிச்சு 2013இல் எழுதினார். திரையைத் தொட்டுக்கிட்டிருந்தவங்கள்ல 49 சதவீதம் பேர் ஒரே கையால இயக்கினாங்க. அவங்கள்ல 33 சதவீதம் பேர் இடது கட்டைவிரலால. அதாவது மூணுல ஒருத்தர். இதுல பலர் வலதுகைக்காரங்களாத்தான் இருக்கணும். அந்த நேரத்துக்கு வலது கைக்கு வேற வேலை இருந்திருக்கும்.

‘திரையைத் திருப்பிப் போடுறது கஷ்டம்’ என்பது அடுத்த வாதம். அதுவும் நிக்காது. அரபு, உருது போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 அந்த வசதியைக் கொண்டுவந்தாச்சு. அந்த மொழிகளில் வட்டப் பட்டன் இடது பக்கம் போயிடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல எந்த மொழிக்கும் அப்படித் திருப்ப ஒரு சுவிட்ச் இருக்கு. போட்டுப் பார்த்தேன். பட்டன் விரலுக்கு வந்துச்சு. கூடவே எழுத்தும் வலது ஓரத்துல போய் ஒட்டிக்கிச்சு. ரெண்டே நாள்ல அணைச்சிட்டேன். எழுத்தோட திசை வேற, விரல் எட்டுற இடம் வேற. ரெண்டையும் ஒரே சுவிட்ச்சில் கட்டி வச்சதுதான் தப்பு.

கீபோர்டுல மட்டும் இதைப் பிரிச்சிட்டாங்க. ஜிபோர்டையும் ஐபோன் கீபோர்டையும் எந்தப் பக்கம் வேணும்னாலும் ஒதுக்கி வச்சுக்கலாம்.

அதே மாதிரி ‘இடதுகை முறை’ன்னு செட்டிங்ஸ்ல ஒரு வசதி கொடுத்தா போதும்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன். பரோட்டா கடை அந்த எண்ணத்தை மாத்திடுச்சு. சால்னாக் கையோட யாரு செட்டிங்ஸ்க்குள்ள போவா? கை ஆளைப் பொறுத்தது மட்டும் இல்ல, நேரத்தைப் பொறுத்ததும்கூட. அதனால முக்கியமான பட்டனை எந்த மூலையிலயும் வைக்காம, திரையின் கீழே முழு அகலத்துக்கு வைக்கிறதுதான் சரியான தீர்வு. பணம் கட்டுற ஆப்கள் பலதுல பட்டன் அப்படித்தான் இருக்கு. அதுல எந்தக் கைக்கும் திண்டாட்டம் இல்ல.

சாப்ட்வேர் எழுதுறவங்க இப்போ தூரத்துல இல்ல. 2011லயே தென்காசிப் பக்கம் வந்த சோஹோ, மத்தளம்பாறையிலதான் இருக்கு. அங்கே வேலை பார்க்குறவங்களுக்கு என் யோசனை ஒண்ணே ஒண்ணு. புது ஆப்பை வெளியிடுறதுக்கு முன்னாடி, ஒரு ராத்திரி பார்டருக்கு எடுத்துட்டு வாங்க. பரோட்டாவைப் பிச்சுப்போட்டு சால்னா ஊத்தினப்புறம் அதை இயக்கிப் பாருங்க.