எண்ணெய் அளக்கும் பம்ப்

பிரஸ் ஷாப்பில் தகட்டுக்கு எண்ணெய் பூசுவது வெகுகாலம் கைவேலையாகவே இருந்தது. டப்பாவில் தோய்த்த பிரஷ், துணி, சொட்டுக் குழாய். எவ்வளவு என்பது ஆபரேட்டரின் கைப்பழக்கம். பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினி இணைந்த தானியங்கி முறை அதை எண்ணாக்கியது. பிரஸ்ஸின் கிராங்க் தண்டு, குறிப்பிட்ட கோணத்துக்கு வந்ததும் சிக்னல் போகும். பம்ப் அளந்த எண்ணெயை நாசிலுக்குத் தள்ளும். தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டை மாறினால் அதற்குரிய அளவு நினைவகத்திலிருந்து வரும்.

எண்ணெய் மிச்சமாகும் என்றுதான் விற்பவர்கள் சொல்வார்கள். பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் தகட்டின் உலோகம் டையில் ஒட்டி, அடுத்து வரும் பாகங்களில் கீறல் விழும். ஆழமாக இழுக்கும்போது தகடு கிழியும். மிஞ்சினாலும் கெடுதிதான். துளையிட்டதும் கீழே விழவேண்டிய வில்லை பஞ்ச் எனும் துளைக்கருவியின் முகத்தில் ஒட்டிக்கொண்டு மேலேறி, அடுத்த அடியில் தகட்டில் பள்ளம் பதிக்கும். பெயின்டுக்கு முன் கழுவும் தொட்டி சீக்கிரம் கெடும், தரை வழுக்கும். ஆயிரமாவது அடிக்கும் முதல் அடிக்குக் கொடுத்த அதே அளவைக் கொடுப்பது கைக்கு ஆகாத காரியம்.

ஆனால் இந்தக் கருவி எண்ணுவது பம்ப் விட்ட எண்ணெயை மட்டுமே. தகட்டில் தங்கியது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நாசில் சற்றே திரும்பிவிட்டால் எண்ணெய் டையின் ஓரத்தில் வழியும், திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தகட்டுச் சுருளோடு வரும் துருத்தடுப்பு எண்ணெயும் கணக்கில் சேராது. நேரக்கணக்கில் வால்வு திறக்கும் மலிவு வகைகளில், காலைக் குளிரில் கெட்டியான எண்ணெய் குறைவாக வரும், மதியம் இளகி மிகுதியாக வரும். எல்லாவற்றையும்விட மோசமானது, டை தேய்ந்து கீறல் விழும்போது டை பொருத்தும் செட்டர் திரையில் எண்ணெய் அளவைக் கூட்டிவிடுவது. சாணை பிடிக்கவேண்டிய டை எண்ணெயின் தயவில் இன்னும் சில வாரம் ஓடும்.

ரோல் ஃபார்மிங்கில் கதை வேறு. தகடு ஜோடி ஜோடியான உருளைகளுக்கிடையே நிற்காமல் ஓடும். நீரில் கலந்த எண்ணெய் தொட்டியிலிருந்து சுற்றிச் சுற்றி வரும். நீர் ஆவியாவதால் கலவை கெட்டிப்படும். குறைந்த நீரை ஈடுகட்டக் குழாயைத் திறந்துவிட்டால் நீர்த்துப்போகும். ஆகவே இங்கே காக்கவேண்டியது கலவையின் செறிவு. செறிவு குறைந்தால் அடுக்கிவைத்த கால்வனைஸ்டு தகட்டில் வெள்ளைத்துரு பூக்கும். தானாகக் கலந்து நிரப்பும் கருவி இதில் நன்றாகவே உழைக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து கசியும் எண்ணெய் தொட்டியில் கலந்தால் மட்டும் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கோடு மங்கி, அளவீடு ஏமாற்றும்.

ஒரே பாகம் வாரக்கணக்கில் ஓடும் பிரஸ் வரிசையில் எண்ணெய் அளக்கும் பம்ப்புக்கான முதலீடு நியாயமானது. நாளுக்கு நான்கு டை மாறும் சிறு பட்டறைக்கு, எண்ணெய் ஊறிய ஃபெல்ட் உருளை இரண்டு போதும்.