மூடியது யார்? பழைய செய்திகளில் கதவுகள்

நாட்றம்பள்ளிப் பக்கத்துச் சேரியில் எங்க ஆயா இருந்த குடிசைக்குக் கதவு கிடையாது. பனையோலைப் படல்தான். "கதவு போட்டுப் பூட்டி வைக்கிற மாதிரி நம்மகிட்ட இன்னாடா இருக்குது? நாய் நுழையாம இருந்தா போதும்" என்று சொல்லும். ஆயா அறிந்த கதவுகள் இரண்டு. ஒன்று, கூலிக்காக வெளியே காத்து நின்ற ஊர்த் தெரு வீட்டுக் கதவு. இன்னொன்று, தோல் ஷாப்பின் இரும்பு கேட்டு. இரண்டையும் திறப்பவனும் மூடுபவனும் வேறு ஆள். இந்த நினைப்போடுதான் பழைய செய்திகளில் வரும் கதவுகளை நான் வாசிக்கிறேன்.

அந்தச் செய்திகளில் கதவுக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. கதவு திறந்தால் திறந்தவருக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு. மூடினால் 'மூடப்பட்டது' என்பதோடு சரி. மூடிய கைக்குப் பெயர் கிடையாது, சாதி கிடையாது.

1930 மார்ச் 2 அன்று நாசிக் காலாராம் கோயிலில் அம்பேத்கர் தலைமையில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயில் வாசல்கள் அடைக்கப்பட்டன. நம் மக்கள் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். தீண்டத்தகாதவன் உள்ளே வரக்கூடாது என்பதற்காகச் சாதி இந்துக்கள் தங்கள் ராமனையே உள்ளே வைத்துப் பூட்டினார்கள். இதை 'கோயில் மூடல்' என்று எழுதிவிட்டால் ஏதோ கிரகணத்துக்கு நடை சாத்தியது போல ஆகிவிடும்.

திறந்த கதவுக்கு வருவோம். 1939 ஜூலை 8, மதுரை மீனாட்சி அம்மன் கோயில். வைத்தியநாத அய்யர் 'அரிசனங்களை அழைத்துச் சென்றார்' என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் வாக்கியம். அதில் எழுவாய் அய்யர். நடந்து உள்ளே போனவர்கள் செயப்படுபொருள். அவர்களில் ஒருவரான கக்கன் பின்னாளில் உள்துறை அமைச்சரானார். அவருக்கே இந்தச் செய்தியில் இரண்டாம் இடம்தான். அய்யரின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடிபடும் ஆபத்தோடு வாசலைத் தாண்டிய கால்கள் யாருடையவை? நுழைவுக்குப் பிறகு அர்ச்சகர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டத்தின் பெயரையும் கவனியுங்கள்: ஆலயப் பிரவேசத்துக்கு அனுமதி, கூடவே காப்பு. யாருக்குக் காப்பு? காலம் காலமாக வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அல்ல. கதவைத் திறந்துவிட்ட அதிகாரிக்கும் அறங்காவலருக்கும் வழக்கு வராமல் காப்பு.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதற்காகவும், செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 44 பேர் ஒரு சிறிய குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கதவை வெளியே சாத்தித் தீ வைத்தார்கள் என்பது தப்பியவர்களின் சாட்சியம். அன்றைய செய்திகளில் இதற்குக் கிடைத்த சொல் 'மோதல்'. மோதலுக்கு இரண்டு தரப்பு வேண்டும். வெளியே சாத்திய கதவில் சாத்தும் கை ஒரு தரப்பிடம்தான் இருக்கிறது. 'விவசாயிகள் தகராறு' என்றதும் சாதி காணாமல் போனது. கூலிப் போராட்டம் என்று மட்டும் எழுதிய தோழர்களும் எரிந்த அத்தனை பேரும் தலித்துகள் என்பதை அழுத்திச் சொல்லத் தயங்கினார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலப்பிரபுக்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். செய்தியில் கைக்குப் பெயர் இல்லை. தீர்ப்பில் கையே இல்லை.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒன்று. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் நுழைவது தடுக்கப்பட்ட பிரச்சினையில், 2023 ஜூன் 7 அன்று திரௌபதி அம்மன் கோயிலுக்கு 'சீல் வைக்கப்பட்டது'. அதே செயப்பாட்டு வினை. தடுத்தவனுக்கும் தடுக்கப்பட்டவனுக்கும் ஒரே பூட்டு. அதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு.

எழுத வரும் தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்வது இதுதான். நமக்கென்று பத்திரிகை புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கி 'தமிழன்' நடத்தினார். நம் பக்கங்களிலாவது 'மூடப்பட்டது' என்று எழுதாதீர்கள். யார் மூடினான், எந்தச் சாதி, யார் பார்த்துக்கொண்டு நின்றது என்று எழுதுங்கள். திறந்தது என்றால் முதலில் உள்ளே போனவர் பெயரை முதலில் எழுதுங்கள்.

ஆயாவிடம் ஒருமுறை கேட்டேன்: அந்த ஊர்த் தெரு வீட்டில் உன்னை வெளியே நிறுத்தினது யாரு? அது யோசிக்கவே இல்லை. அப்பன் பேர், மகன் பேர், பேரன் பேர் என்று மூன்று தலைமுறையைச் சொன்னது. எந்தச் செய்தியிலும் வராத பெயர்கள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.