கன்னிவாடி வீட்டு அறையில் பாட்டுப் பதிவு: எந்த மைக், எந்த இன்டர்ஃபேஸ்?

வீட்டில் இசை பதிவு செய்ய மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன், கணினி, மென்பொருள் ஆகியவை வேண்டும். இவற்றோடு ஓர் அறையும் வேண்டும். விலை கொடுத்து வாங்குகிறவற்றைப் பற்றி நிறையப் பேச்சு உண்டு. ஏற்கெனவே இருக்கும் அறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதிவின் தரத்தைப் பாதிக்குமேல் தீர்மானிப்பதோ அந்த அறைதான். திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடி போன்ற பேரூரில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சென்னை ஸ்டுடியோவை மனத்தில் வைத்து எழுதப்படும் பரிந்துரைகள் இங்கே பாதி பொருந்தாது.

இவ்வூரின் புது வீடுகளில் வழக்கமான அறை பத்துக்குப் பத்து. மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ், சுற்றிலும் சிமென்ட் பூச்சு. நடுவில் நின்று கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீளும். உயரமும் பத்தடியாக அமைந்துவிட்டால் நிலைமை மோசம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி நின்று அதிரும் அலைவெண், ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். 35 டிகிரி வெயில் நாளில் பத்தடிக்கு அது சுமார் 58 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 116, 173. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம் என்பதால் மூன்று திசையும் அதே அலைவெண்களில் சேர்ந்து ஒலிக்கும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் சுத்த மத்யமம் சுமார் 174 ஹெர்ட்ஸ். பாடகர் ஒரே சீராகப் பாடினாலும் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பதிவில் வீங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான். மைக்கை மாற்றினால் இது தீராது. சுருதியை அரைக்கட்டை நகர்த்தினாலோ, பக்கங்கள் சமமில்லாத வேறொரு அறைக்குப் போனாலோ தீரும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது மேல் ஸ்தாயி ஒலியைச் சற்றுச் சிதறடிக்கும், அவ்வளவே. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைப்பது அதைவிடப் பல மடங்கு பயன்தரும். கைதட்டலின் வால் உடனே குறையும். ஆனால் கீழ் ஸ்தாயிக்கு மெத்தையும் போதாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். பஞ்சு போன்ற பொருள் அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால், அலைநீளத்தின் கால் பங்கு அளவு, அதாவது ஏறத்தாழ மூன்றடி, சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஏ.சி. டக்ட் வேலை செய்பவர்களிடம் கிடைக்கும் ராக்வுல் பலகையைத் துணியால் மூடி அறையின் மூலைகளில் குறுக்காக நிறுத்துவது நடைமுறைக்கு ஏற்ற வழி. அதற்கும் வசதி இல்லையென்றால் துணிமணி நிறைந்த திறந்த அலமாரி இருக்கும் அறையையே தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது வெளிச்சத்தம். கோயில் விசேஷ நாள்களில் கூம்பு ஒலிபெருக்கி, தை மாதம் ஒட்டன்சத்திரம் சாலையில் பழனிக்கு நடந்து போகும் பக்தர் கூட்டம், ஆடியில் தகரக் கூரையைத் தட்டும் மேல்காற்று, எப்போதும் தலைக்கு மேல் சுழலும் ஃபேன். மைக் தேர்வை இந்தச் சத்தங்களை வைத்தே தொடங்க வேண்டும்.

வீட்டுப் பதிவுக்கு மைக் வாங்கும் பலர் ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு மைக்குகளை. ஒன்று ஷூர் எஸ்.எம்.58, 1966-ல் வந்து இன்றுவரை விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக். மற்றொன்று ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020; கண்டென்சர் மைக், இயங்க 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும். ஒரே அளவு ஒலிக்கு ஏ.டி.2020 தரும் மின்னழுத்தம் சுமார் 14 மில்லிவோல்ட், எஸ்.எம்.58 தருவது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. வித்தியாசம் 17.5 டெசிபல். கண்டென்சரில் பதிந்த குரல் கேட்டவுடன் பளிச்சென்று இருக்கும்; மூச்சு, நாக்கு, உதடு எல்லாம் துல்லியமாகத் தெரியும். கடையில் கேட்டுப் பார்ப்பவர் அதில்தான் மயங்குவார்.

வீட்டுக்கு வந்ததும் கதை மாறும். ஃபேன் காற்று, பக்கத்து வீட்டு மிக்ஸி, டைல்ஸின் எதிரொலி, எல்லாம் அதே துல்லியத்தோடு பதிவாகும். இதனால் ‘டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை எடுக்காது’ என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது சரியல்ல. எஸ்.எம்.58-ஐ வாயிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் வைத்துப் பாடுகிறோம். கண்டென்சரை ஓரடி தள்ளி வைக்கிறோம். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஓரடிக்கும் மூன்று அங்குலத்துக்கும் இடையே 12 டெசிபல். அறை அடங்குவது பெரும்பாலும் இந்தத் தூரக் கணக்கால். ஏ.டி.2020-ஐயும் அவ்வளவு அருகில் வைக்கலாம்தான். ஆனால் ப போன்ற எழுத்துகளில் காற்று வெடிக்கும், பாப் ஃபில்டர் இல்லாமல் முடியாது. எஸ்.எம்.58-ன் உருண்டைக் கம்பிவலையும் உள்ளே இருக்கும் நுரையும் அதற்கென்றே அமைந்தவை.

ஆகவே மெத்தை, திரை எதுவும் இல்லாத கன்னிவாடி அறையில் வாய்ப்பாட்டுக்கு எஸ்.எம்.58 சரியான தேர்வு. அறையை ஓரளவு பக்குவப்படுத்தி, ஊர் அடங்கிய பிறகு ஃபேனை நிறுத்திப் பதிபவருக்கு ஏ.டி.2020 கூடுதல் நயம் தரும். வயலின், வீணை, புல்லாங்குழல் மூன்றுக்கும் அதுவே ஏற்றது. இரண்டு மைக்குக்கும் முன்பக்கம் காது, பின்பக்கம் செவிடு. சத்தம் வரும் ஜன்னல் மைக்கின் முதுகுக்கு நேரே அமையும்படி பாடகரை உட்கார வைப்பது செலவில்லாத மேம்பாடு.

எஸ்.எம்.58 வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் மைக்குகளில் இது ஒன்று. வெளித்தோற்றத்தில் கண்டுபிடிப்பது கடினம். அசலின் எடை 298 கிராம். மளிகைக் கடை மின்தராசில் வைத்துப் பார்த்தாலே பல போலிகள் எடை குறைந்து மாட்டிக்கொள்ளும்.

தாளக் கருவிகளுக்குக் கணக்கு வேறு. இவ்வட்டாரத்துக் கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்கு உறுமி இனத்தைச் சேர்ந்த தேவதுந்துபியே தாளம். உறுமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து இழுப்பார்கள்; மறு முகத்தை அடிப்பார்கள். தேய்ப்பில் வரும் அந்த வழுக்கும் முழக்கத்தை ஒற்றை மைக் பிடித்தால் அடி மங்கும். அடியைப் பிடித்தால் முழக்கம் காணாமல் போகும். முகத்துக்கு ஒன்றாக இரண்டு மைக் வேண்டும். தவிலுக்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கீழ் ஸ்தாயி மெலிந்து போனால், மென்பொருளில் ஒரு தடத்தின் ஃபேஸ் பொத்தானைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முழக்கம் திரும்பிவிடும். ஒலியளவைப் பற்றிக் கவலை வேண்டாம். அருகில் தவில் 100 டெசிபலை எளிதில் தாண்டும், ஏ.டி.2020 தாங்கும் உச்சம் 144 டெசிபல்.

இந்த இரண்டு மைக் தேவைதான் இன்டர்ஃபேஸ் தேர்வையும் முடிவு செய்கிறது. ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் வரிசை 2011-ல் வந்தது. இப்போதைய நான்காம் தலைமுறை 2023-ல் வெளியானது. இதில் சோலோ என்ற சிறிய பெட்டியில் மைக் உள்ளீடு ஒன்றுதான். 2ஐ2 பெட்டியில் இரண்டு. தனியாகப் பாடி, கீபோர்டு வாசித்து, ஒவ்வொரு தடமாக அடுக்குபவருக்குச் சோலோவே போதும். உறுமி, தவில், அல்லது பாட்டும் கஞ்சிராவும் சேர்ந்து பதிய வேண்டும் என்றால் 2ஐ2.

2ஐ2-ன் நான்காம் தலைமுறையில் உண்மையான முன்னேற்றம் கெயின், அதாவது மைக்கின் சிக்னலைப் பெருக்கும் அளவு. மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல், இதில் 69. தாலாட்டை மெல்லப் பாடும் குரலை எஸ்.எம்.58-ல் பதியும்போது பழைய பெட்டியில் கெயின் குமிழை முழுக்கத் திருப்ப வேண்டிவரும். இதில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆட்டோ கெயின் பொத்தானை அழுத்திவிட்டுச் சில நொடி பாடினால் கருவியே அளவைக் குறித்துக்கொள்ளும். பாட்டுக்கு இது சரியாக வேலை செய்கிறது. உறுமிக்கு நம்ப முடியாது, ஏனென்றால் சோதனைக்கு அடிக்கும் அடியும் ஆட்டம் சூடுபிடித்தபின் விழும் அடியும் ஒன்றல்ல. அங்கே கைகொடுப்பது கிளிப் சேஃப்: அளவு மீறப்போகும்போது கெயினைத் தானாகக் குறைக்கும் வசதி. இவ்விரு வசதிகளும் சோலோவில் இல்லை. கண்டென்சர் மைக் மட்டும் வைத்திருப்பவர் மூன்றாம் தலைமுறைப் பெட்டியைப் பழையதாக வாங்கினாலும் நஷ்டமில்லை. அந்த மைக்குக்கு அவ்வளவு கெயின் தேவைப்படாது.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் போதும். 24 பிட்டில் மேலே தாராளமாக இடம் விட்டு, உச்ச அடி மைனஸ் 12 டெசிபலுக்குள் இருக்கும்படி பதியலாம்; இரைச்சல் ஏறாது. ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் ஆகும். 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது வட்டை நிரப்புவதற்கு மட்டும் உதவும். ஏ.ஆர். ரகுமான் 1989-ல் சென்னையில் தம் வீட்டோடு பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவை அமைத்தபோது இத்தகைய தரத்துக்குப் பெரும் முதலீடு வேண்டியிருந்தது. இன்று அது உள்ளங்கை அகலப் பெட்டியில் வருகிறது. அறையும் காதும் அப்படி மலிவாகவில்லை.

மின்சாரம் தனிப் பாடம். பதிவில் ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸில் ஓர் ஊமை ஒலி கேட்டால், முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதோடு போய்விடும். சார்ஜர் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து சுற்று உண்டாவதும், வீட்டில் எர்த் சரியாக இல்லாததும் வழக்கமான காரணங்கள். எர்த் முள்ளை ஒடிப்பது இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவதுண்டு. அது உயிருக்கு ஆபத்து. 2ஐ2 யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே இயங்குவதால் லேப்டாப் பேட்டரியில் ஒரு மணி நேரம் பதிந்துவிடலாம். தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும் ஊரில் இது பெரிய வசதி. கரண்ட் போனபின் இன்வெர்ட்டரில் பதிபவர்கள் அது சைன்வேவ் வகையா என்று பார்க்க வேண்டும். மலிவான ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரின் ரீங்காரம் ஃபேனிலும் வரும், பதிவிலும் வரும்.

ஹெட்போன் மூடிய வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காதில் ஓடும் சுருதியும் தாளமும் மைக்கில் கசியும். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.எச்.-எம்20எக்ஸ் பாடும்போது அணியப் போதுமானது. கலவை வேலைக்கு எம்40எக்ஸ் நம்பகமானது, கம்பியைக் கழற்றி மாற்றவும் முடியும். எம்50எக்ஸ் கீழ் ஸ்தாயியைத் தூக்கிக் காட்டுவதால் அதில் கலக்கும் உறுமி மற்ற ஸ்பீக்கர்களில் மெலிந்து கேட்க வாய்ப்புண்டு. மூன்றிலும் காதுப் பட்டை தோல் போன்ற ரெக்ஸின். இந்த ஊர் வியர்வைக்கு நாளடைவில் உரியும், மாற்றுப் பட்டை வாங்கி மாட்டலாம். புளூடூத் இயர்போன் பதிவுக்கு உதவாது, ஒலி தாமதமாக வந்து தாளம் தப்பும். தாமதம் கணினியாலும் வரும்: மென்பொருளின் பஃபர் 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் பாடுபவர் தம் குரலைத் தாமதமின்றிக் கேட்கலாம். மானிட்டர் ஸ்பீக்கரைத் தொடக்கத்தில் தவிர்ப்பதே நல்லது. பத்துக்குப் பத்து அறையில் யமஹா எச்.எஸ்.5 போன்ற நல்ல ஸ்பீக்கரும் அறையின் குணத்தையே திருப்பிச் சொல்லும்.

சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்க விட்டுப் பாடுவது பழக்கம். பதிவில் அது குரலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க இயலாது. தப்பாகப் பாடிய ஒரு வரியை வெட்டி ஒட்டினால் சுருதியும் வெட்டுப்படும். சுருதியைத் தனித் தடமாகப் பதிந்து ஹெட்போனில் கேட்டுப் பாடுவதே முறை.

மென்பொருளுக்குத் தொடக்கத்தில் காசு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், ஒற்றைக் குரலுக்கும் வெட்டி ஒட்டவும் போதும். பல தடம் அடுக்கத் தொடங்கியதும் ரீப்பர் வசதியானது. 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர், பழைய லேப்டாப்பிலும் தடுமாறாமல் ஓடும். ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம்.

கோயில் கொடை, கும்மி, ஒப்பாரி என்று வீட்டுக்கு வெளியே போய்ப் பதிபவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. அங்கே ஜூம் எச்1 எசென்ஷியல் போன்ற கையடக்க ரெக்கார்டர் வேண்டும். இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் இயங்கும் இது 32 பிட் ஃப்ளோட்டில் பதிவதால் கெயின் குமிழே கிடையாது. கிழவியின் முனகலும் அடுத்த நொடி வெடிக்கும் பறையும் ஒரே கோப்பில் பத்திரமாக இருக்கும். ஆனால் மைக்கின் தாங்கும் சக்தி 120 டெசிபல் வரைதான், அதற்குமேல் 32 பிட்டும் காப்பாற்றாது. தவிலுக்குச் சில அடி தள்ளி நிற்க வேண்டும். ஆடிக் காற்றுக்கு ரோம உறை கட்டாயம், நுரை உறை போதாது. செல்போன் பதிவில் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி உறுமியின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும்.

கம்பிகளில் மூன்று முள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வகையே வாங்க வேண்டும். திண்டுக்கல் மைக்செட் கடைகளில் கிடைக்கும் கம்பிகளில் ஒரு முனை எக்ஸ்.எல்.ஆர்., மறுமுனை ஆம்ப்ளிஃபயர் பின்னாக இருப்பவை உண்டு; அதில் ஃபாண்டம் பவர் போகாது, கண்டென்சர் பேசாது. அதே கடைகளில் நல்ல கம்பியை மீட்டர் கணக்கில் வாங்கிச் சால்டர் வைத்து இரு முனையிலும் எக்ஸ்.எல்.ஆர். போட்டுக்கொள்வது மலிவு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் ‘படபட’ என்று பொரியும்; பதிவு முடிந்ததும் ஃபாண்டம் பவரை அணைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். எஸ்.எம்.58-க்கு அந்தக் கவனிப்பு தேவையில்லை. கம்பிவலையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும்.