போத்தலுக்குள் ஒரு தேரை

ஒரு நூலை விமர்சிப்பது போன்று ஒரு பட்டியலை விமர்சித்தல் இயலுமா எனச் சிலர் வினவக்கூடும். நூதனசாலைப் பதிவேடு இலக்கியமன்று என்பது உண்மையே. ஆயினும் அதுவும் மனிதர் எழுதிய எழுத்துத்தான். எதனை எழுதினர், எதனை எழுதாது விடுத்தனர், யாருக்காக எழுதினர் என்னும் வினாக்கள் அதற்கும் பொருந்துவன. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை போன்ற பெரு நிறுவனங்கள் தம்மிடமுள்ள ஊர்வனவற்றினதும் ஈரூடகவாழிகளினதும் பதிவுகளைக் கணனியில் ஏற்றி உலகுக்குத் திறந்துவிடும் இக்காலத்தில், அவ்வினாக்களை நாம் எழுப்பாதிருத்தல் தகாது. அங்குள்ள போத்தல்களுட் பல எமது மலைகளிலிருந்து சென்றவை.

ஒரு தேரையின் கதையைக் கூறுகிறேன். 1872 ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அல்பேட் குந்தர் என்னும் விலங்கியலாளர் இலங்கைத் தேரையொன்றை விபரித்து, அதற்குக் கண்டியின் பெயரை இட்டார். அதன்பின் நூற்றாண்டுக்கு மேலாக அத்தேரை பற்றிய செய்தி இல்லை. 2004 இல் அது அழிந்தொழிந்த இனமென உலகப் பட்டியலில் ஏறிற்று. 2009 இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது உயிரோடு காணப்பட்டு, 2012 இல் அச்செய்தி வெளியாயிற்று. இவ்வளவோடு முடிந்திருந்தால் இது மகிழ்ச்சிக் கதை. ஆனால் 1998 இலேயே எமது நாட்டு ஆய்வாளர்கள் வேறொரு தேரையைப் புதிய இனமெனக் கண்டு பெயரிட்டிருந்தனர். 2015 இல் மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கியபோது இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. ஏட்டில் இறந்துபோன தேரை, காட்டில் வேறு பெயரோடு வாழ்ந்துகொண்டிருந்தது!

இங்கேதான் எமது கேள்வி பிறக்கிறது. 2005 இல் ஒருவர் இப்பதிவுகளைக் கணனியில் ஏற்றியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? ஒரு பெயருக்கு எதிரே ‘அழிந்தது’ என்றும் மறு பெயருக்கு எதிரே ‘உள்ளது’ என்றும் அந்த யந்திரம் பிழையின்றிக் காட்டியிருக்கும். பழைய தவறு புதிய வேகத்தோடு பத்து நாடுகளுக்குப் பரவியிருக்கும். பிரதி செய்தல் வேறு, பதிப்பித்தல் வேறு என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். ஏடுகளை ஒப்புநோக்காது அச்சேற்றியவரல்லர். நூதனசாலைப் பதிவுக்கும் அத்தகைய பதிப்பாசிரியர் வேண்டும். முதலில் எழுதப்பட்ட சொற்களை எழுதப்பட்டவாறே ஒரு நிரலிலும், இன்றைய ஆய்வாளரின் விளக்கத்தை மற்றொரு நிரலிலும் வைக்கும் வழக்கம் இத்துறையில் ஏற்பட்டுள்ளமை பாராட்டத்தக்கது. பாடபேதத்தைக் காட்டுகின்ற நேர்மை அது.

இடத்தைக் குறிக்கும் பகுதியை நோக்குவோம். பழைய சீட்டுகள் பலவற்றில் ‘இலங்கை’ என்ற ஒரு சொல்லே உளது. அதனை நிலப்படத்தில் ஒரு புள்ளியாக இடுபவர் பொய் சொல்கிறார். ‘இப்புள்ளியிலிருந்து இத்தனை கிலோமீற்றருக்குள் எங்கேனும்’ எனத் தமது அறியாமையின் அளவையும் சேர்த்து எழுதுபவரே விஞ்ஞானி. மறுபுறம், இடத்தைத் துல்லியமாகச் சொல்வதும் ஆபத்தாகலாம். தென் சீனத்துப் பல்லி வகையொன்று 1999 இல் விபரிக்கப்பட்டது. செல்லப்பிராணி வியாபாரிகளுக்காகப் பிடித்துப் பிடித்து, அது முதலில் அறியப்பட்ட இடத்திலேயே இல்லாதொழிந்தது. ‘அனைத்தையும் திறந்துவிடு’ என்னும் கோஷம் கேட்பதற்கு முற்போக்கானது. ஆனால் சந்தையும் அந்த வாசலால் நுழைகிறது.

இனி, எழுதப்படாதவை. 1882 முதல் 1896 வரை புலஞ்சே என்பார் வெளியிட்ட தவளை, பல்லி, பாம்புப் பட்டியல்கள் இத்துறையின் அடித்தளங்கள்; அவற்றின் உழைப்பை யான் குறைத்து மதிப்பிடேன். மாதிரியைத் தந்தவர் பெயர் அவற்றில் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தந்தவர் துரை. ஓடைக்குள் இறங்கித் தவளையைப் பிடித்தவர் யார்? அதே நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. வெட்டிய கைகளுள் தமிழ்த் தொழிலாளரின் கைகளும் இருந்தன. இலாபம் வேறு எவருக்கோ. அக்காடுகளிற் பிடிபட்ட புதர்த் தவளைகள் சில, இலண்டன் போத்தல்களிற் பெயரின்றியே நூறாண்டுக்கு மேல் கிடந்து, 2007 இல் பெயர் பெற்றன. பெயரிட்ட கட்டுரையே அவை அழிந்தன என்ற அறிவித்தலுமாயிற்று. அவற்றின் பிறப்புச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் ஒரே தாள்.

இவற்றையெல்லாம் கூறுவதால் இப்பணி வேண்டாவென்று யான் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. 2010 மே மாதத்தில் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரிலுள்ள புட்டான்ரன் நிறுவனத்தில் மூண்ட தீ, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பாம்பு மாதிரிகளைக் கொண்ட தொகுதியின் பெரும்பகுதியை விழுங்கிற்று. ஒரேயொரு பிரதி எரிவதன் பொருளை 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தின் சாம்பலைக் கண்ட எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பதிவின் பிரதி பாம்பைத் திருப்பித் தராதுதான். எது எரிந்தது என்பதையாவது சொல்லும். தவளைகளைக் கொல்லும் பூஞ்சண நோய் மெக்சிக்கோவிலிருந்து தெற்கே எவ்வாறு பரவிற்று என்பதைப் பழைய போத்தல்களிலிருந்த தோலைத் துடைத்தெடுத்தே 2011 இல் நிறுவினர். எந்தப் போத்தல் எந்த ஆண்டில் எந்த மலையில் நிரப்பப்பட்டது என்பது தெரிந்திராவிடின் அவ்வாய்வு நடந்திராது.

ஆனால் பதிவு வந்து சேர்ந்தது, போத்தல் வந்து சேரவில்லை. எமது மாணவன் திரையிற் பார்ப்பது ஆங்கில எழுத்தை. தேரை இன்னும் இலண்டனில். படத்தையும் பதிவையும் அனுப்பிவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என எவரேனும் கருதுவாராயின் அதனை நாம் ஏற்றல் இயலாது. பதிவுகளைத் திருத்தும் உரிமையும் இங்கு வாழும் ஆய்வாளருக்கு வேண்டும். இப்பதிவுகளுக்கென வகுக்கப்பட்ட பொது அமைப்பில் நாட்டுப் பெயருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடிப் புடையன், சுருட்டை, சாரை என்று எமது கமக்காரர் வழங்கும் பெயர்கள் அங்கு ஏற வேண்டும். வயலிற் கடியுண்டவன் வைத்தியரிடம் சொல்லப்போவது இலத்தீன் பெயரையன்று, அப்பெயரையே.