எழில் நகர் மாடிப்படியில் ஒரு யாஷிகா

யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் தெரிவது அதன் கனம். ஏறக்குறைய முக்கால் கிலோ. 1973-இல் வந்த மாடல். 45 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் உடம்போடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாது. அபர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே முடிவு செய்யும். பட்டனை லேசாக அழுத்தும்போது மஞ்சள் அம்பு எரிந்தால் வேகம் 1/30-க்குக் கீழே போகிறது, கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம், 1/500 போதாது. வெளிச்சத்தைப் பற்றி வேறு எதையும் இந்தக் கேமரா நமக்குச் சொல்வதில்லை.

இதை ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் ஆக்குவது வியூஃபைண்டர் நடுவில் தெரியும் சின்ன மஞ்சள் கட்டம். முன்பக்கம் இருக்கும் இன்னொரு சிறு ஜன்னல் வழியாக வரும் காட்சி, பாதி ஒளியை மட்டும் திருப்பும் கண்ணாடியில் பட்டு அந்தக் கட்டத்துக்குள் விழுகிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் அந்தக் காட்சி பக்கவாட்டில் நகரும். பெரும்பாக்கம் எழில் நகரில், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழே கீரை விற்றுக்கொண்டிருந்த பாட்டியை எடுத்தபோது கட்டத்தை அவருடைய மூக்குத்தியில் வைத்தேன். இரண்டு மூக்குத்தி தெரிந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒன்று மற்றொன்றை நோக்கி வந்து மேலே உட்கார்ந்தது. அழுத்தினேன். “இன்னாப்பா, எடுக்கலியா?” என்றார். எடுத்தாகிவிட்டது என்றதும் நம்பவில்லை. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர் அவ்வளவு மெல்லிய சத்தம்தான் போடும்.

சத்தமில்லாததைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று உண்டு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ஷட்டர் திறக்கும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், நமக்கு எல்லாம் இருட்டாகிவிடும். எந்தக் கணத்துக்காகக் காத்திருந்தோமோ அந்தக் கணத்தை மட்டும் நாம் பார்க்கவே மாட்டோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த இருட்டு கிடையாது. பாட்டி கண் இமைத்தாரா என்பது அப்போதே தெரிந்துவிடும். அதோடு, படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகளுக்கு வெளியேயும் இடம் தெரிகிறது. நீண்ட வராண்டாவில் ஒரு பையன் ஓடிவருகிறான் என்றால், அவன் கோட்டைத் தொடும் முன்பே நாம் தயாராகலாம். வருஷக்கணக்காக இந்தக் கேமராக்களை விடாமல் வைத்திருப்பதைப் பழமை மோகம் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுக்கப்படும் மனிதரை ஒரு கணம்கூடப் பார்வையிலிருந்து விடாத கருவி இது. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்றதில் மனம் ஒட்டாது.

இந்த வகைக்குத் தாய்வீடு லைக்கா. ஃபோகஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டரை 1932-இல் லைக்கா 2-இல் கொண்டுவந்தார்கள். 1954-இல் வந்த எம்3-இன் வியூஃபைண்டர் ஏறக்குறைய கண்ணால் பார்க்கும் அளவிலேயே காட்சியைக் காட்டும், இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே எடுக்கலாம். எம்3 வருவதற்கு நான்கு வருஷம் முன்பு, 1950 ஏப்ரலில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் லைக்காவோடு திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்கள் அவை. 14-ஆம் தேதி இரவு அவர் சமாதியடைந்தார். நோயில் தளர்ந்திருந்த ஒருவரையும் அவரைச் சுற்றிக் கலங்கி நின்ற கூட்டத்தையும் எடுக்க, கையளவு அமைதியான கேமராவைத் தவிர வேறு எதைக் கொண்டுபோயிருக்க முடியும்?

யாஷிகா லைக்கா அல்ல. காட்சி கொஞ்சம் சிறுத்துத் தெரியும், ஷட்டர் வேகம் நம் கையில் இல்லை. ஆனால் லைக்காவின் விலையில் சிறு பங்குக்குப் பழைய கேமராக் கடைகளில் கிடைக்கிறது. எல்லைக் கோடுகள் ஃபோகஸுக்கு ஏற்பத் தாமே நகர்ந்து, வியூஃபைண்டருக்கும் லென்ஸுக்கும் இடையிலான கோணப் பிழையைச் சரிசெய்வது இந்த விலைக்குப் பெரிய வசதி.

சென்னை வெயிலுக்கு 400 வேக பிலிம் போட்டால் மத்தியானம் எஃப்/16 தவிர எதிலும் சிவப்பு அம்புதான். வெளியில் 100 போதும். மாடிப்படிக்கும் வீட்டுக்குள்ளும் 400. 80 செ.மீ.-க்குக் கிட்டே போக முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரை எடுக்கும் ஆசை இருந்தால் இது வேண்டாம், அது நீள லென்ஸ்காரர்களின் வேலை. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே முப்பத்தாறு படமும் எடுத்துவிடலாம், வியூஃபைண்டர் காட்டிக்கொடுக்காது. பிலிமும் கழுவும் கூலியும் சேர்ந்தால் ரோலுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ரோல் கிடைத்த காலத்தை நினைத்து ஏங்காமல் இருக்க முடியவில்லை.

வாங்கும்போது பிலிம் நகர்த்தும் லீவரைத் தள்ளிப் பாருங்கள். உள்ளே ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சிறு ரப்பர் துண்டு ஒன்று கரைந்துபோயிருக்கும், ஒளி அளவு தப்பும். பழைய பாதரச பேட்டரி இப்போது வராது. 6 வோல்ட் 4எல்.ஆர்.44 போட்டு, இடைவெளிக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தால் ஓடும். பேட்டரி தீர்ந்தால் 1/500-இல் மட்டும் வேலை செய்யும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். பெரும்பாக்கம் போல் சதுப்பை ஒட்டி வீடு இருப்பவர்கள் மழைக்காலத்தில் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாமல், சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.