கட்டை அறிந்து கேட்பது

புழல் ஏரிக்கரையில் வசிப்பவர்களுக்கு ஏரியின் உயரம் 21.20 அடி என்பது பாலபாடம். கோடையில் அடிமண் எங்கே தெரியும், ஐப்பசி மழையில் எந்த மட்டத்தில் மதகு திறக்கும் என்ற இரு எல்லைகளையும் அறிந்தவனே ஏரியை அறிந்தவன். சங்கீதத்தில் ஒரு பாடகர் தமக்குரிய சுருதியை நிர்ணயித்துக்கொள்ளும் விவேகமும் இத்தகையதே.

சுருதியை நாம் ஆர்மோனியக் கட்டையால் அளக்கிறோம். முதல் வெள்ளைக் கட்டையை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் ஒரு கட்டை. அதையடுத்த கறுப்புக் கட்டையைக் கொண்டால் ஒன்றரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாமையால், மூன்றரை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரைக்குள்ளும், பெண்கள் நான்கு முதல் ஆறுக்குள்ளும் பாடுவர். ஷட்ஜம் எங்கே நின்றாலும் ராகம் மாறுவதில்லை. ஸ்வரங்களுக்குள் உள்ள உறவே ராகமாதலால், சாரீரத்தின் சௌகரியம் ஒன்றே இங்கே பிரமாணம்.

அந்தச் சௌகரியத்தை ரசிகர் எப்படிக் கண்டுகொள்வது? பக்கத்திலுள்ள திருவொற்றியூரில் திரிபுரசுந்தரியின் மீது, தம் சீடர் வீணை குப்பய்யரின் ஊருக்கு வந்த தியாகராஜ ஸ்வாமிகள் இயற்றிய ஐந்து கிருதிகளுள் கல்யாணியில் அமைந்ததை எங்கேனும் கேட்க நேர்ந்தால், மேல் ஸ்தாயியில் சஞ்சரிக்கும் இடங்களில் குரல் நெரியாமல் விரிகிறதா என்று கவனியுங்கள். அதற்கு முந்திய ஆலாபனையில் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கும்போது அது வெறும் மூச்சாகக் கரையாமல் நாதமாகவே நிற்கிறதா என்பதை அதனினும் உன்னிப்பாகக் கவனியுங்கள். மேல் பஞ்சமத்துக்குக் கரகோஷம் செய்பவர் பலர். கீழ்ப் பஞ்சமத்துக்குத் தலையசைப்பவர் சிலர். பாடகர் தேர்ந்த கட்டை சரியானதா என்பதற்குச் சாட்சி சொல்வது பின்னதே.

பாட்டுக்கேற்பச் சுருதியை மாற்றும் சம்பிரதாயமும் நம்மிடம் உண்டு. செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்ற, மேல் ஷட்ஜத்தை எட்டாத ராகங்களைக் கச்சேரியின் பிற்பகுதியில் பாடும்போது, தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கி, அந்த மத்தியமத்தையே ஷட்ஜமாகப் பாவித்துப் பாடுவார்கள். குரலின் நடுப்பகுதிக்கு ராகம் ஏறிவந்து அமரும் அந்தக் கணத்தில் சபையில் பரவும் இதத்தை ஒருமுறை உணர்ந்தவர் மறவார்.

எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடியது, ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டவேண்டியிருந்த காலத்தின் நிர்ப்பந்தமும், அதற்கு ஈடுகொடுத்த அவர்களுடைய அபூர்வ சாரீரமும் சேர்ந்து விளைந்த அற்புதம். ஒலிபெருக்கி வந்தபின் அந்த நிர்ப்பந்தம் தளர்ந்தது. எனினும் உயர்ந்த கட்டையே உயர்ந்த வித்தை என்ற மயக்கம் மட்டும் நம்மிடையே தங்கிவிட்டது. ஆகையால், வயதேறிய வித்வான் அரைக்கட்டை இறக்கிக்கொண்டு மேடையேறினால், குரல் போயிற்றென்று அவசரப்பட்டு முணுமுணுக்க வேண்டாம். தம் கரை எதுவென்று அவர் அறிந்திருக்கிறார். மதகில் விழும் நீரின் ஆரவாரத்தைக் கொண்டு ஏரியின் ஆழத்தை எங்கள் ஊரில் எவரும் கணிப்பதில்லை.